மாமிக்கு ஒரு ஜன்னல்

தூத்துக்குடியில் வாழ்க்கைப்பட்டவளுக்குக் கப்பல் புதிதல்ல. மொட்டை மாடியில் துணி உலர்த்தப் போனால், முயல் தீவுப் பக்கம் கப்பல்கள் நிற்பது கண்ணுக்குத் தெரியும். இராத்திரியில் கப்பல் சங்கு ஊதுகிற சத்தம் கேட்டே எங்கள் பிள்ளைகள் வளர்ந்தார்கள். நிலக்கரி, உப்பு, உரம், மரத்தடி... எந்தக் கப்பலில் என்ன சரக்கு என்று எங்கள் தெருச் சின்னப் பையன்கூடச் சொல்லிவிடுவான். ஆனால், "நீ கப்பலில் ஏறியிருக்கிறாயா?" என்று கேட்டுப் பாருங்கள், உதட்டைப் பிதுக்குவார்கள்!

எங்கள் மாமியும் அப்படித்தான். (மாமி என்றால் என் கணவரின் அம்மா. எங்கள் கடற்கரைப் பக்கம் மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவோம்.) மாமா தோணித் தண்டலாக இருந்தவர். தண்டல் என்றால் தோணிக்குத் தலைவர். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் வெங்காயம், காய்கறி, கட்டுமானச் சாமான் என்று ஏற்றிக்கொண்டு ஏறக்குறைய நாற்பது வருஷம் போய் வந்தார். மாமிக்கோ கரையில் நின்று வழியனுப்பி, கரையில் நின்று வரவேற்றே காலம் போய்விட்டது. சரக்குத் தோணியில் பெண்களுக்கு என்ன வேலை? மாமா ஊரில் இருக்கும் நாட்களில், சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் சாய்ந்துகொண்டு கடல் கதை சொல்வார். "கரையே தெரியாத எடத்துல விடியும் பாரு... அதச் சொன்னா வெளங்காது. பாத்தாத்தான் தெரியும்" என்பார். மாமி வெற்றிலையை மடித்துக் கொடுத்துக்கொண்டே கேட்டிருப்பார். எத்தனை தடவை கேட்டிருப்பாரோ!

2011ஆம் வருஷம் ஜூன் 13ஆம் தேதி, தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு 'ஸ்கோஷியா பிரின்ஸ்' என்ற பயணிகள் கப்பல் புறப்பட்டது. அப்போதைய மத்திய கப்பல் துறை அமைச்சர் ஜி.கே. வாசன் தொடங்கி வைத்தார். ஆயிரம் பேருக்கு மேல் ஏறக்கூடிய பெரிய கப்பல். ஊரே துறைமுகத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தது. மாமா அப்போது தொழிலைவிட்டு ஓய்ந்திருந்தார். "அடுத்த வருஷம் உன்னயக் கூட்டிட்டுப் போறேன்" என்று மாமியிடம் சொன்னார். ஆனால் அந்தக் கப்பல் ஆறு மாதம்கூட ஓடவில்லை. அதே வருஷம் நவம்பரில் நின்றுபோனது. 2016இல் மாமாவும் கண்ணை மூடிவிட்டார்.

அதற்கப்புறம் வீட்டில் கப்பல் பேச்சே இல்லை. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசக் கப்பல் போகத் தொடங்கியதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடி அசைத்ததைப் பார்த்தபோதுகூட மாமி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருஷம், சென்னையிலிருந்து கிளம்பி அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கையைச் சுற்றிவிட்டு வரப்போகிறது என்ற செய்தியை என் மகன் வாசித்தான். அப்போதுதான் மாமி கேட்டார்:

"ஏ பிள்ளே, அதுல என்னயக் கூட்டிட்டுப் போவியளா? எனக்குக் கொழும்பும் வேண்டாம், கண்டியும் வேண்டாம். நடுக்கடல்ல விடியுறத ஒருக்காப் பாக்கணும்."

எழுபத்திரண்டு வயது. இரண்டு முட்டியும் தேய்ந்தவர். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். இத்தனை வருஷத்தில் எனக்கு இது வேண்டும் என்று வாய் திறந்து கேட்டவரில்லை. எப்படி மறுப்பது?

போவது என்று முடிவாயிற்று. பனிமய மாதா திருவிழா ஆகஸ்ட் 5ஆம் தேதி முடியும். அதற்கப்புறம் போகலாம் என்று நாள் பார்த்தோம். நாலைந்து மாதம் கையில் இருந்தது. விசாரிக்கப் போன இடத்தில்தான் குழப்பம் ஆரம்பித்தது.

டிக்கெட் ஏற்பாடு செய்பவர் கப்பலின் படத்தை விரித்து வைத்துக்கொண்டு விளக்கினார். உல்லாசக் கப்பலில் அறைகள் பல தினுசு. ஜன்னலே இல்லாத உள்ளறை. கடலைப் பார்த்த ஜன்னல் வைத்த அறை. பால்கனி வைத்த அறை. அதற்கும் மேலே பெரிய பணக்கார அறைகள். வாங்குவதற்கும் இரண்டு வழி உண்டு. ஒன்று, இந்த அறைதான் வேண்டும் என்று எண்ணைக் குறித்து முன்னாலேயே பணம் கட்டுவது. இன்னொன்று, அறை எண்ணைக் கேட்காமல் குறைந்த விலைக்கு வாங்கிக்கொள்வது. எந்த அறை என்று கப்பல்காரர்களே பின்னால் சொல்வார்கள். மேல் வகுப்பில் இடம் மிஞ்சினால், அதிகப் பணம் கேட்காமலே அங்கே மாற்றி விடுவதும் உண்டு.

"எதுக்கும்மா அவசரப்படறீங்க? உள்ளறைக்குப் பணம் கட்டிட்டு வெயிட் பண்ணுங்க. கடைசி நேரத்துல ஜன்னல் ரூமே கிடைச்சாலும் கிடைக்கும்!" என்றார் அவர்.

கணக்கு இதுதான். எண் குறிக்காத உள்ளறையைவிட, எண் குறித்த ஜன்னல் அறை ஆளுக்கு 9,000 ரூபாய் கூடுதல். நாங்கள் நாலு பேர்: மாமி, நான், என் கணவர், மகன். அறைக்கு இரண்டு பேர். நாலு பேருக்கும் ஜன்னல் என்றால் 36,000 ரூபாய் அதிகம்! நான் கட்டி வந்த சீட்டு அப்போதுதான் விழுந்திருந்தது. அந்தப் பணத்தில் அடுக்களைத் தளத்தின் ஒழுகலைச் சரிசெய்ய வேண்டும் என்றும் இருந்தேன். கொத்தனார் சொன்ன தொகை 18,000. எதற்கு எதைத் தள்ளிப்போடுவது?

என் கணவர் உப்பளக் கணக்கர். காசு விஷயத்தில் அவருக்கென்று ஒரு நியாயம் இருக்கும். "ஏளா, சாயங்காலம் மீன் வாங்கப் போனா வெல இறங்கியிருக்கும்லா? அதுமாரித்தான் இதுவும். வித்துப் போகாத ரூமை அவன் சும்மா பூட்டி வைப்பானா?" என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. கிளம்பிவிட்ட கப்பலில் காலியாகக் கிடக்கும் அறையால் யாருக்கும் பைசா வராது. அதனால்தான் கடைசி நேரத்தில் விலையைக் குறைப்பதும் மேல் அறைக்கு மாற்றுவதும் நடக்கிறது. ஆனால் மீன் வாங்குகிறவள் நானல்லவா! சாயங்காலம் விலை இறங்குவது சீலாவுக்கும் விளமீனுக்கும் அல்ல. மிஞ்சிக் கிடக்கும் சாளைக்குத்தான். சீலா காலையிலேயே தீர்ந்துவிடும். 'எதுவானாலும் சரி, குழம்பு வைத்தால் போதும்' என்கிறவள் சாயங்காலம் போகலாம். விருந்தாளிக்கு இன்ன மீன்தான் என்று இருந்தால் விடியக்காலையிலேயே போக வேண்டும்.

இந்த 'மேல் அறை' எப்படி, யாருக்குக் கிடைக்கிறது என்று நாலு இடத்தில் விசாரித்தேன். மலிவான அறைகளுக்குத்தான் எப்போதும் கிராக்கி. அவை தீர்ந்தும் கேட்டு வருகிறவர்கள் இருந்தால், ஏற்கெனவே வாங்கினவர்களில் சிலரை மேலே நகர்த்திவிட்டு, காலியான மலிவு அறையை இன்னொருவருக்கு விற்பார்கள். ஆகக்கூடி அது தர்மமல்ல, வியாபாரம். யாரை நகர்த்துவது என்பதும் அவர்கள் இஷ்டம். அடிக்கடி வந்து போகும் பழைய வாடிக்கைக்காரர்களுக்கு அநேகமாக முன்னுரிமை இருக்கும். சில கம்பெனிகள், 'இன்னும் இவ்வளவு கொடுத்தால் மேல் அறை தருகிறோம்' என்று ஏலம் மாதிரிக் கேட்பதும் உண்டு. இன்னொன்றையும் தெரிந்துகொண்டேன். மேல் வகுப்பு என்றால் நல்ல இடம் என்று அர்த்தமில்லை! லிஃப்டுக்கு வெகு தூரத்தில் இருக்கலாம். ஆட்டம் பாட்டம் நடக்கும் கூடத்துக்கு நேர் கீழே இருக்கலாம். ஜன்னலுக்கு முன்னால் உயிர்காக்கும் படகைத் தொங்கவிட்டு, கடலே தெரியாமல் மறைத்திருக்கலாம். ஜன்னல் அறைதான், ஆனால் ஜன்னலில் படகு!

மாமியிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். யோசித்துவிட்டு அவர் சிப்பி ஏலத்தைப் பற்றிச் சொன்னார்.

எங்கள் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். மாமிக்கு அப்போது பத்து வயது. கரையெல்லாம் குவிந்த சிப்பியும், அது அழுகும் நாற்றமும், அதையும் பொருட்படுத்தாமல் மொய்த்த கூட்டமும் இன்னும் அவர் ஞாபகத்தில் இருக்கின்றன. முத்தை யாரும் ஏலம் போடுவதில்லை. வாய் திறக்காத சிப்பியைத்தான் ஆயிரம் ஆயிரமாக ஏலம் போடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா, கடுகத்தனையா, மிளகத்தனையா, ஒன்றுமே இல்லையா என்பது வாங்கின பிறகுதான் தெரியும்.

"வியாபாரி ஆயிரம் ஆயிரமா வாங்குவான். ஒரு குவியல்ல இல்லாட்டி இன்னொண்ணுல கெடைக்கும். நாலு சிப்பிய வாங்கிட்டு முத்து வரும்னு குத்த வச்சவன் எவனும் பொழைக்கல" என்றார் மாமி.

யோசித்துப் பார்த்தால் விஷயமே இதுதான். வருஷத்துக்கு நாலு தடவை கப்பலில் போகிறவர்கள் அதிர்ஷ்டத்துக்கு விட்டுவிடலாம். ஒரு தடவை உள்ளறை, ஒரு தடவை ஜன்னல், ஒரு தடவை பால்கனி என்று அவர்களுக்குச் சரிக்குச் சரியாகிவிடும். மொத்தத்தில் லாபமும் இருக்கும். நம் கையில் இருப்பதோ ஒரே ஒரு சிப்பி. மாமிக்கு இன்னொரு பயணம் வாய்க்கும் என்று யார் சொல்ல முடியும்?

காத்திருந்தால் விலை இறங்கும் என்பதற்கும் எங்கள் ஊரிலேயே பழைய கதை உண்டு. 1914இல் பாம்பன் பாலம் வந்து தனுஷ்கோடி வழி திறக்கும்வரை, கொழும்புக்குப் போகிறவர்கள் சென்னையிலிருந்து ரயிலில் வந்து, தூத்துக்குடியில்தான் கப்பல் ஏறினார்கள். அந்தத் தடத்தில் வெள்ளைக்காரக் கம்பெனி வைத்ததுதான் கட்டணமாக இருந்தது. வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, அடுத்த வருஷம் 'காலியா', 'லாவோ' என்று இரண்டு கப்பல்களைக் கொண்டுவந்ததும் போட்டி பிறந்தது. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கியது. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறக்கியது. கடைசியில், சும்மாவே ஏறுங்கள், ஒரு குடையும் தருகிறோம் என்கிற அளவுக்குப் போனான் வெள்ளைக்காரன்! பயணிக்குக் கொண்டாட்டம்தான், ஆனால் சுதேசிக் கம்பெனிக்கு அது பலத்த அடி. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். 1911இல் கம்பெனியை மூட வேண்டியதாயிற்று.

இதிலிருந்து எனக்கு ஒன்று புரிந்தது. ஒரே தடத்தில் இரண்டு கப்பல் முட்டி மோதினால் காத்திருக்கிறவருக்கு லாபம். நாங்கள் போக நினைத்த தடத்திலோ ஓடியது ஒரே கப்பல். எதிர்க்கடை இல்லாத ஊரில் விலை தானாக இறங்குமா? அதிலும் விடுமுறை நாள், திருவிழா நாள் வந்துவிட்டால் ஏறத்தான் செய்யும்.

பணத்தைவிட எனக்குப் பெரிதாக இருந்தது மாமியின் உடம்பு. சகோதரிகளே, வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். கப்பலில் எல்லா இடமும் ஒரே மாதிரி ஆடாது. பஸ்ஸில் கடைசி ஸீட்டில் உட்கார்ந்தால் எப்படித் தூக்கிப் போடுகிறது, நடு ஸீட்டில் எப்படி இருக்கிறது? கப்பலும் அப்படித்தான். முன்முனையும் பின்முனையும் ஏறி இறங்கும். நடுப்பகுதி அவ்வளவு அசையாது. மேல் தட்டு அதிகமாகச் சாயும். கீழ்த் தட்டு குறைவாகச் சாயும். ஆகவே தலைசுற்றல், வாந்தி உள்ளவர்களுக்கு, கீழ்த் தட்டில் கப்பலின் நடுவில் இருக்கும் அறைதான் உத்தமம். மாமா இருந்திருந்தால் இதைப் படம் பார்க்காமலே சொல்லியிருப்பார்; தோணியில் அணியத்துப் பக்கம் படுத்தவன்தான் அதிகம் ஆடுவான் என்பது அவருக்குத் தெரியாததா!

அடுத்தது லிஃப்ட். முட்டி வலிக்காரருக்கு நீண்ட தாழ்வாரத்தில் நடப்பது தண்டனை. லிஃப்டுக்கு மிக ஒட்டி இருந்தாலும் இரவெல்லாம் ஆள் நடமாட்டம் கேட்கும். நாலைந்து அறை தள்ளி இருந்தால் நல்லது. மூன்றாவது, குளியலறை. இரத்த அழுத்த மாத்திரையால் மாமி இராத்திரியில் இரண்டு மூன்று முறை எழுந்திருப்பார். குளியலறை வாசலில் உயரமான படி இருக்கிறதா, பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா என்று கேட்டேன். படுக்கை தரையோடு உள்ள சாதாரணக் கட்டிலா, சுவரிலிருந்து இறக்கும் மேல் பலகையா என்றும் கேட்டேன். டிக்கெட்காரர் முகத்தில் சலிப்பு தெரிந்தது. தெரிந்தால் தெரியட்டும்! கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அவரா வந்து பார்க்கப் போகிறார்?

கடைசியாக ஜன்னல். படகு மறைக்காத ஜன்னலாக இருக்க வேண்டும். அதுவும் எந்தப் பக்கத்து ஜன்னல்? சென்னையிலிருந்து சாயங்காலம் கிளம்பித் தெற்கே போகும் கப்பலுக்கு, மறுநாள் காலையில் கிழக்கு இடது கைப் பக்கம் இருக்கும். வலப்பக்கத்து ஜன்னல் எத்தனை பெரிதாக இருந்தாலும் சூரியோதயம் தெரியாது. குளிர்ந்த காற்றில் விடியக்காலையில் மேல் தளத்தில் போய் நிற்க மாமியால் ஆகாது. ஆக, வேண்டியது இடப்பக்கம், கீழ்த் தட்டு, நடுப்பகுதி, படகு மறைக்காத ஜன்னல். இப்படிப்பட்ட அறைகள் கப்பலில் கொஞ்சம்தான் இருக்கும். அதைக் காத்திருந்து பெற முடியாது. எண்ணைக் குறித்துத்தான் வாங்க முடியும். இதைச் சொன்னதும் என் கணவரே, "சரி, இதுல உன் பேச்சுதான்" என்று விட்டுவிட்டார்.

அதற்காக நாலு பேருக்கும் 36,000 ரூபாயைக் கொட்டவில்லை. மாமிக்கும், இராத்திரித் துணைக்காக எனக்கும், எண் குறித்த ஜன்னல் அறை. அவருக்கும் மகனுக்கும் எண் குறிக்காத உள்ளறை. அவர்களுக்கு எங்கே போட்டாலும் தூக்கம் வரும்! கூடுதல் செலவு 18,000 ரூபாயோடு நின்றது. அடுக்களைத் தளம் அடுத்த சீட்டுக்குத் தள்ளிப்போயிற்று.

பணம் கட்டுவதற்கு முன் சில விஷயங்களை எழுத்தில் வாங்கினேன். ரத்து செய்தால் எந்தத் தேதிக்குள் எவ்வளவு பிடிப்பார்கள்? (நாள் நெருங்க நெருங்கப் பிடித்தம் கூடும்.) முழுப் பணம் கட்ட வேண்டிய கடைசி நாள் எது? அதற்குள் விலை இறங்கினால் வித்தியாசத்தைத் தருவார்களா? நாம் குறித்த அறையை நம்மைக் கேட்காமல் மாற்றுவார்களா? துறைமுகக் கட்டணம், வரி எல்லாம் சேர்ந்ததா, தனியா? இதில் நாலாவது கேள்வி ரொம்ப முக்கியம். மேல் அறை தருகிறோம் என்று அன்போடு மாற்றிவிட்டால் எங்கள் ஜன்னல் வலப்பக்கம் போய்விடுமே! 'அறை மாற்றம் வேண்டாம்' என்று எங்கள் பதிவில் குறிக்கச் சொன்னேன். அப்படி ஒரு வசதி உண்டு என்பதே பலருக்குத் தெரிவதில்லை. இதற்கிடையில் மாமிக்கு பாஸ்போர்ட் எடுத்தோம். ஆதாரில் உள்ள பெயரும் பாஸ்போர்ட் பெயரும் டிக்கெட் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு மாமியை டாக்டரிடம் காட்டினோம். வாந்தி மாத்திரையை நாமாகக் கடையில் வாங்கிக் கொடுக்கக் கூடாது. சில மாத்திரைகள் வயதானவர்களுக்கு மயக்கமும் தள்ளாட்டமும் உண்டாக்கும். டாக்டர் எழுதிக் கொடுத்ததை, குமட்டல் வந்த பிறகு அல்ல, கப்பல் கிளம்பும் முன்பே கொடுக்க வேண்டும் என்றார். வெறும் வயிறும் கூடாது, வயிறு புடைக்கவும் கூடாது. இஞ்சித் துண்டைத் தேனில் ஊறவைத்து எடுத்துக்கொண்டேன். பெரிய பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். அறைக்கு வந்து சேரச் சில மணி நேரமாகும். அதனால் மாத்திரைகள், டாக்டர் சீட்டு, ஒரு மாற்றுப் புடவை எல்லாவற்றையும் கைப்பையில் வைத்தேன்.

கப்பலில் ஏறியதும் முடிவு தெரிந்தது. என் கணவருக்கும் மகனுக்கும் மேல் அறை எதுவும் வரவில்லை! முன்முனைப் பக்கத்தில் ஓர் உள்ளறை. இராத்திரியா பகலா என்று தெரியவில்லை, தொட்டிலில் ஆட்டுகிற மாதிரி இருக்கிறது என்று மகன் சிரித்தான். எங்களோடு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்த புதுமணத் தம்பதிக்கோ, உள்ளறைப் பணத்துக்கு பால்கனியே கிடைத்திருந்தது. நன்றாக இருக்கட்டும். இன்னொரு குடும்பத்துக்கு ஜன்னல் அறை கிடைத்திருந்தது. ஜன்னலில் ஆரஞ்சு நிறப் படகு! ஆக, மூன்று விதமும் உண்மைதான்.

மறுநாள் விடியற்காலை நாலரை மணிக்கே மாமி எழுந்து முகம் கழுவி, தலை வாரி, ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். நான் கட்டிலில் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடியில் எங்கள் விளக்குதான் தெரிந்தது. விளக்கை அணைத்தேன். கறுப்பு சாம்பலாகி, சாம்பலில் ஒரு கோடு விழுந்து, அந்தக் கோடு சிவந்தது. கரை இல்லை, மரம் இல்லை, ஒரு படகுகூட இல்லை. சூரியன் தண்ணீரிலிருந்து முழுதாக வெளியே வரும்வரை மாமி வாய் திறக்கவில்லை. அப்புறம் மெதுவாக, "உங்க மாமா சொன்னது சரிதான்" என்றார். அவ்வளவுதான். நான் காபி வாங்கி வரப் போய்விட்டேன். அவர் தனியாக இருக்கட்டும் என்று தோன்றியது.

அந்த வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் மாவட்டத்தில் கொட்டிய மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர்! எங்கள் வீட்டுக்குள்ளும் முழங்கால் அளவு தண்ணீர். அடுக்களைத் தளம் ஒழுகியதா என்று பார்க்க நேரமேது? அரிசி, மெத்தை, குளிர்பதனப் பெட்டி எல்லாம் போயின. கையிருப்பு அத்தனையும் வீட்டை எழுப்பவே செலவாயிற்று. இன்னும் கொஞ்சம் பொறுப்போம் என்று பயணத்தைத் தள்ளியிருந்தால், அந்தப் பணமும் அந்தத் தண்ணீரோடு போயிருக்கும். அடுத்த வருஷம் மாமியின் முட்டியும் ஒத்துழைத்திருக்காது. கொத்தனார் 2024 கோடையில் வந்து தளத்தைச் சரிசெய்து கொடுத்தார். தளம் ஒரு வருஷம் காத்திருந்தது. ஒன்றும் குடி முழுகவில்லை.

ஆகவே சகோதரிகளே, முன்னால் வாங்குவதா காத்திருப்பதா என்று என்னைக் கேட்டால், முதலில் உங்களை நீங்களே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தப் பயணத்தில் எது இல்லாவிட்டால் போனதே வீண் என்று தோன்றும்? அது ஜன்னலாக இருக்கலாம். கைக்குழந்தைக்காரிக்குப் பக்கத்துப் பக்கத்து அறையாக இருக்கலாம். இருதய நோயாளிக்கு லிஃப்டாக இருக்கலாம். அந்த ஒன்றை மட்டும் காசு கொடுத்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். மற்றதையெல்லாம் தாராளமாக அதிர்ஷ்டத்துக்கு விடுங்கள். வந்தால் லாபம், வராவிட்டால் நஷ்டமில்லை. கடலைப் பார்த்தால் போதும், அறையே வேண்டாம் என்கிறவர்களுக்கு நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பலும் வந்தது. 2023 அக்டோபர் 14இல் தொடங்கி, சில நாளில் நின்று, 2024 ஆகஸ்ட் 16இல் மறுபடி தொடங்கியது. உட்கார்ந்து போகும் பகல் பயணம் அது. எந்தக் கப்பலானாலும், ஓடுகிறதா, என்றைக்கு ஓடுகிறது என்று விசாரித்துக்கொண்டு மூட்டை கட்டுங்கள். பயணிகள் கப்பல் வருவதும் நிற்பதும் எங்கள் கடற்கரை நன்றாக அறிந்த விஷயம்!

போன மாதம் மகன் மாமியிடம், "ஆச்சி, இன்னொரு தடவ கப்பல்ல போவோமா?" என்று கேட்டான். மாமிக்கு உடனே முகம் மலர்ந்துவிட்டது.

"போவோம்ல. ஆனா இந்தத் தடவ உள்ளறையே போதும். நாந்தான் பாத்துட்டனே! மிச்சக் காசுக்கு உங்க தாத்தாவுக்கு ஒரு பூசை வச்சிருவோம்" என்றார்.